பன்னிரண்டு தடவை கரண்டு

பதினோராவது தடவையும் கால் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கிற மரியசெல்வம் திருகுக் குமிழை இன்னும் ஒரு கோடு ஏற்றினார். மேசைமேல் இருந்த மரப்பெட்டி மெல்ல முனகியது. அதிலிருந்து இரண்டு வயர்கள் கிளம்பின. ஒன்றின் நுனியில் ஓர் ஈயத் தகடு. உப்புத் தண்ணீரில் நனைத்த துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு அது பொன்னுத்துரையின் தொடைக்கு அடியில் கிடந்தது. இன்னொன்றின் நுனியில் மரப்பிடி போட்ட ஒரு கோல். அதன் முனையிலும் ஈரத்துணி. அந்த முனையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக வைத்து, பிடியிலிருந்த பொத்தானை அவர் அழுத்தினார்; விட்டார். மறுபடி அழுத்தினார், விட்டார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளே கரண்டு பாய்ந்து, தூங்கிப்போன சதையைத் தட்டி எழுப்ப வேண்டும். பாதம் மேலே துள்ள வேண்டும். அதுதான் வைத்தியம்.

பாதம் கட்டிலின் விளிம்பில் செத்த மீனைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

சுவரோரம் நின்றிருந்த அவன் மனைவி அய்யம்மாள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு முறை காளியாத்தாளைக் கூப்பிட்டாள். வாய் அசையவில்லை. நாற்பது வரை கூப்பிட்டுவிட்டாள்.

"ஒங்க கரண்டு மதுரைக்கெல்லாம் போகுது சார். என் காலுக்குத்தான் வரமாட்டேங்குது" என்றான் பொன்னுத்துரை, கூரையைப் பார்த்தபடி.

மரியசெல்வம் தகட்டை எடுத்துத் தன் இடது கையில் பிடித்து, கோலைத் தன் முன்கையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். அவருடைய விரல்கள் சுருங்கித் துள்ளின. பெட்டியில் கோளாறு இல்லை. முதல் நாளன்று பொன்னுத்துரையின் வலது காலில் வைத்துக் காட்டியபோதும் அப்படித்தான், பாதம் பிடித்திழுத்ததுபோல மேலே வந்தது. இடது காலில்தான் ஒன்றுமில்லை.

"காலைக் கழுவிட்டுத்தானேம்மா வந்தீங்க?"

"சீயக்காய் போட்டுக் கழுவினேன் சார்" என்றாள் அய்யம்மாள்.

ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவள் இதையேதான் சொல்வாள். அதில் பொய் கிடையாது.

"இன்னுங் கொஞ்சம் ஏத்திப் பாருங்களேன் சார்."

"இதுக்கு மேல ஏத்தப்படாதும்மா. அந்த எடத்துல அவருக்குத் தோலு மரத்துக் கெடக்கு. சுட்டாலும் தெரியாது, பொத்துப்போகும். போன வருசம் ஒருத்தருக்கு அப்பிடி ஆகி, நானே ரெண்டு மாசம் புண்ணு கட்டினேன்." அவர் திருகைக் கீழே இறக்கினார். பெட்டியின் முனகல் நின்றது. "வெள்ளிக்கிழமை பன்னெண்டாவது தடவை. அன்னைக்கு மதுரையிலேருந்து எலும்பு டாக்டர் வாராரு. நாலு மணி வரைக்கும் இருப்பாரு. பன்னெண்டு தடவையில ஒரு துடிப்பாச்சும் தெரியலைன்னா, சதையில உயிரில்லைன்னு அர்த்தம். அப்புறம் கரண்டு வச்சுப் புண்ணியமில்லை. பூட்ஸும் இரும்புச் சட்டமும் அளவெடுத்துக் குடுத்துருவாங்க."

அவர் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையை எடுத்து, பதினோராவது வரியில், மேலே இருந்த பத்து வரிகளில் எழுதியிருந்ததையே எழுதினார்.

பொன்னுத்துரை எழுந்து உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு நூல் கயிற்றை எடுத்தான். அவனே தறியின் பாவு நூலில் முறுக்கியது. ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, மறுமுனையை முழங்காலுக்குக் கீழே கட்டி, தொங்கும் பாதத்தை இழுத்து நிறுத்தினான். அது இல்லாவிட்டால் நடக்கும்போது முன்பாதம் தரையைக் கூட்டிக்கொண்டே வரும்.

*

பொன்னுத்துரை சின்னாளப்பட்டியில் சேலை நெய்கிறவன். வைகாசியில் காய்ச்சல் கண்டு படுத்தபோது, சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிற ஒருவரை அய்யம்மாள்தான் கூட்டிவந்தாள். இடுப்புக்குக் கீழே போட்ட ஊசி காலுக்குப் போகும் பெரிய நரம்பில் பட்டுவிட்டது. காய்ச்சல் மறுநாள் விட்டது. கட்டிலை விட்டு இறங்கினவன் அப்படியே மடங்கி விழுந்தான்.

தறியில் உட்காருகிறவன் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, இரண்டு மிதிக்கட்டைகளையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒன்றை மிதித்தால் பாதி இழை மேலே போகும். மற்றதை மிதித்தால் மறுபாதி. மிதிப்பதைவிட எடுப்பதுதான் முக்கியம். எடுக்க வேண்டிய நேரத்தில் கால் எடுக்கவில்லை என்றால் இழைகள் வாய் திறக்காது. குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா, நெடுக்கே விரித்த பாவில் முட்டி நூலை அறுக்கும். பொன்னுத்துரைக்கு மிதிக்க ஓரளவு முடிந்தது. எடுக்க முடியவில்லை. பாதம் சரிந்து மிதிக்கட்டையின் அடியில் போய் மாட்டிக்கொண்டது. மூன்று நாள் முயன்று, ஒரு முழம் நெய்ததில் நூற்றுக்கணக்கான அறுந்த இழைகள். நான்காம் நாள் அவன் தறியில் உட்காரவில்லை.

திண்டுக்கல்லில் மிஷன்காரர்கள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். செவ்வாயும் வெள்ளியும் வரச் சொன்னார்கள். முதல் செவ்வாய்க்கிழமையன்று விடிவதற்கு முன்னால் அய்யம்மாள் காளியம்மன் கோயிலில் போய் நின்றாள். நாற்பத்தெட்டு நாள், ஒரு நாளும் தவறாமல், ஆத்தாளின் விளக்கு எண்ணெயைக் கொண்டுபோய்ப் புருசனின் காலில் தேய்ப்பதாக நேர்ந்துகொண்டாள். ஊசிக்காரரைக் கூட்டிவந்த கை அவளுடையது. அந்தக் கையாலேயே இதைச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அன்றிலிருந்து தினமும் அதே முறை. முதலில் சீயக்காய் போட்டுக் காலைக் கழுவுவாள். சாமி எண்ணெயை அழுக்குக் காலில் வைக்கலாமா? பிறகு முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, தோல் குடிக்கும் மட்டும் தேய்ப்பாள். வேட்டியில் கறை படக் கூடாதென்று பழைய துணியால் ஒற்றி எடுப்பாள். ஆஸ்பத்திரி நாளில் அப்புறம்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவார்கள். நல்ல காலுக்கு நேர்த்தி இல்லை. அதனால் அதற்கு எண்ணெயும் இல்லை.

*

பதினோராவது தடவை முடிந்து வந்த மறுநாள், புதன்கிழமை, அய்யம்மாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது சரசரவென்று ஏதோ சரியும் சத்தம் கேட்டது.

பொன்னுத்துரை தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முற்றத்தில் சுவர் பூசக் குவித்திருந்த செம்மண்ணை முறத்தில் அள்ளி, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கொண்டுவந்து, தறிக்குழிக்குள் கொட்டிக்கொண்டிருந்தான். மிதிக்கட்டைகள் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன.

"என்ன செய்றீக மச்சான்?"

"குழி தெறந்து கெடந்தா பாம்பு வந்து அடையும்."

"இத்தன வருசமா அடையலையே."

"இத்தன வருசமா உள்ள என் காலு இருந்துச்சு."

இன்னொரு முறம் மண் விழுந்தது. அவள் குடத்தை இறக்கி வைத்தாள். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை, அழவும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, அந்த மண்ணின் மேலேயே உட்கார்ந்தாள்.

"கொட்டுங்க" என்றாள்.

"எந்திரி புள்ள."

"என்னையும் சேத்து மூடிருங்க. ஒங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்."

அவன் முறத்தைச் சுவரோடு எறிந்துவிட்டு, கைகளால் தவழ்ந்து போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "நீ ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிரு அய்யம்மா" என்று சுவரிடம் சொன்னான். "நான் ஒரு காலு ஒடிஞ்ச நாற்காலி. யாரு வந்து ஒக்காந்தாலும் விழுந்துதான் ஆகணும்."

அன்றும் மறுநாளும் அவன் சோற்றைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவள் காலைக் கழுவி எண்ணெய் தேய்த்தபோது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை. முப்பத்தொன்பதாம் நாள். அவள் விரல்களுக்கு அடியில் கெண்டைச் சதை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது அவளுக்குத் தெரியும். முன்பு இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்த கால், இப்போது ஒரு கைக்குள் வந்துவிடும் போலிருந்தது.

"கெளம்புங்க மச்சான். பஸ்ஸு வந்துரும்."

"இரும்புச் சட்டந்தானே? நீயே போய் வாங்கிட்டு வா. அளவு வேணும்னா கயித்தால அளந்துக்க. செத்த காலு, கூடக்கொறைய இருந்தாலும் ஒண்ணும் சொல்லாது."

அய்யம்மாள் தனியாகக் கிளம்பினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. இன்னும் பன்னிரண்டு தடவை வைக்கச் சொல்லி மரியசெல்வத்தின் காலில் விழலாம். டாக்டரின் காலிலும் விழலாம். விழுவதற்கு வேறு கால் இருந்தால் அதிலும் விழலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் தெரிந்த வயல்களை அவள் பார்க்கவேயில்லை.

*

மரியசெல்வத்தின் அறைக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். உள்ளே அவர் ஜெய்தூன் பீவி என்ற அம்மாளுக்கு முகத்தில் கரண்டு வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் எழுந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்ட அம்மாள் அவர். முடிய அரை மணியாகும் என்றார்கள். அய்யம்மாள் அறைக்குப் பின்னால் இருந்த குழாயடிப் பக்கம் போய், நிழலில் உட்கார்ந்தாள்.

அங்கே செபாஸ்தியம்மாள் ஒரு பீங்கான் சட்டியில் துணிப்பட்டைகளை அலசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஐம்பது வயதிருக்கும். யாரைப் பார்த்தாலும் பாதிச் சிரிப்போடு பேசுவாள்.

"எங்க ஒன் வீட்டுக்காரரைக் காணோம்?"

"வரலைக்கா. மாட்டேன்னுட்டாரு."

"அப்ப இன்னைக்கு என் கை தப்பிச்சுச்சு" என்றாள் செபாஸ்தியம்மாள். "கோவிச்சுக்காத. ஒங்க ஆளுக்கு வச்ச பட்டைய மட்டும் நான் தனியா வச்சு, சோப்புப் போட்டுக் கசக்கணும். சட்டித் தண்ணியில எண்ணெயா மெதக்கும். ஒரு காலுக்கு அம்புட்டு எண்ணெயா? நான் ஒரு மாசத்துக்கு வெஞ்சனம் தாளிச்சுருவேன்."

"கோயில் எண்ணெய்க்கா அது. நேத்திக்கடன்."

"அதான் நெனச்சேன். பட்டையெல்லாம் வழவழன்னு ஆனா சாரு வைவாரு. கஷ்டத்தோட வாரவுகளை எதுக்கு வையணும்னு, அவரு கண்ணுல படாம நானே கசக்கி வச்சுருவேன். இந்தா, இத்தன நாளா யாருக்கும் தெரியாது." அவள் அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். "ஜெய்தூன் பீவி அன்னைக்கு மூஞ்சிக்கு லேசாப் பவுடர் பூசிட்டு வந்துச்சு. அதுக்கே சாரு திருப்பியனுப்பி, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லிட்டாரு."

"பவுடருக்கு எதுக்குக்கா கழுவணும்?"

"மேலுல எது ஒட்டியிருந்தாலும் கரண்டு உள்ள ஏறாதாமே."

சொல்லிவிட்டு செபாஸ்தியம்மாள் அடுத்த பட்டையை எடுத்தாள். அதைப் பிழியப்போனவள் அப்படியே நிறுத்தினாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அய்யம்மாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். முப்பத்தொன்பது நாள். பதினோரு தடவை. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, தோல் குடிக்கும் மட்டும்.

"ஏத்தா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் செபாஸ்தியம்மாள் தாழ்ந்த குரலில். அவள் முகத்தில் பாதிச் சிரிப்பு இல்லை. "நான் வாயைத் தெறந்திருக்கணும். நல்லதுன்னு நெனச்சுத்தான் மூடிக்கிட்டேன்."

அவள் சொன்னது உண்மை. மனிதர்மேல் இரக்கப்பட்டுச் செய்கிற காரியம் எப்போதும் நல்லபடியாகவே முடியும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் கையில் அந்த இரக்கம் இல்லாதிருந்தால், குழாயடியில் உட்கார்ந்தவளிடம் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அய்யம்மாள் எழுந்தாள். ஓடிப்போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஊசிக்காரரைக் கூட்டிவந்தவள் என்று ஊர் ஏற்கெனவே சொல்கிறது. இப்போது வைத்தியத்தையும் கெடுத்தவள் என்று சொல்லும். புருசன் என்ன சொல்வான்? அதையும் தாண்டி ஒரு பயம் இருந்தது. எண்ணெயைக் கழுவிய பிறகும் கால் அசையாவிட்டால்? அப்போது சாக்குச் சொல்லவும் ஒன்றுமிருக்காது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜெய்தூன் பீவி பாதி முகத்தில் பட்டையோடு திரும்பிப் பார்த்தார்.

"சார், நான் எண்ணெய் தேச்சேன்" என்றாள் அய்யம்மாள்.

மரியசெல்வம் புரியாமல் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: கோயில், நேர்த்தி, சீயக்காய், அதற்குப் பிறகு எண்ணெய், ஒற்றி எடுத்த துணி. கதவருகே வந்து நின்ற செபாஸ்தியம்மாள், பட்டைகளைத் தனியாகக் கசக்கியதையும் சொன்னாள். தன் பங்கை அவள் குறைத்துச் சொல்லவில்லை.

மரியசெல்வம் கோலைக் கீழே வைத்தார். தன் வலது கை விரல்களை விளக்கில் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"பன்னெண்டு வருசமா இந்தத் தண்ணியில கெடக்கு" என்றார். "வழவழப்பும் தெரியாது, சொரசொரப்பும் தெரியாது. கழுவினீங்களான்னு வாயால கேட்டேன். ஒரு நாளாச்சும் நானே கழுவியிருக்கணும். அதுதான் முறை. கூட்டம் அதிகம்னு விட்டுட்டேன்."

"எண்ணெய் போனா காலு அசையுமா சார்?"

"தெரியாதும்மா. அசையும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உயிரில்லைன்னு எழுதுறதுக்கு எனக்கு ஒரு நியாயமும் இல்லை." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றேகால். "டாக்டர் நாலு மணிக்குக் கெளம்பிருவாரு. அடுத்து பதினஞ்சு நாள் கழிச்சுத்தான். அட்டையில இன்னைக்கே முடிவு எழுதிட்டா, அப்புறம் திருப்புறது கஷ்டம். மூணு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க."

அவள் திரும்பினாள். வாசலில் தயங்கினாள்.

"இன்னும் ஒம்பது நாள் பாக்கியிருக்கு சார். நேத்தி."

மரியசெல்வம் கழுத்தில் சிலுவை போட்டவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அது தன் மனைவியின் நேர்த்தியாக இருந்தால் எப்படி யோசிப்பாரோ அப்படி.

"காலையிலதான் தேய்ப்பேன்னு ஆத்தாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல. தெனமும்னுதான் சொன்னேன்."

"அப்ப கரண்டு வைக்கிற அன்னைக்கு, வச்சு முடிச்சு வீட்டுக்குப் போய்த் தேயுங்க. அடுத்த தடவை வரும்போது சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. நானும் இங்க ஒருவாட்டி கழுவிருவேன். ஆத்தாளுக்கும் கொறையில்ல, எனக்கும் கொறையில்ல."

*

பொன்னுத்துரை அவள் விட்டுப்போன இடத்திலேயே கிடந்தான். அய்யம்மாள் அடுப்பை மூட்டி வெந்நீர் வைத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. தன் கையால் தேய்த்த எண்ணெய்தான் கரண்டை நிறுத்தியது என்று சொன்னாள்.

அடுப்பில் வெந்நீர் கொதிக்கத் தொடங்கியது.

"முப்பத்தொம்பது நாள்" என்றான் அவன்.

"ஆமா."

"ஒரு நாளாச்சும் மறந்திருக்கக் கூடாதா?"

"மறக்கலையே மச்சான்."

அவன் திரும்பிப் படுத்து அவள் முகத்தைப் பார்த்தான். "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் இரும்பை மாட்டிக்கிட்டுப் போயிருப்பேன். எனக்கு எப்பிடித் தெரியப்போகுது?" என்றான்.

"வைய வேண்டியதெல்லாம் சாயங்காலம் வையுங்க. பஸ்ஸு ஒண்ணரைக்கு. காலை நீட்டுங்க."

அவன் காலை நீட்டவில்லை; நீட்ட முடியாது. அவளே இழுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். வெந்நீரும் சீயக்காயும் போட்டாள். முதல் தண்ணீர் முத்து முத்தாகத் தோலின் மேல் நின்றது. இரண்டாவது தண்ணீரும் நின்றது. சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள்.

"தோலை உரிச்சுராத புள்ள."

"மரத்துத்தானே கெடக்கு. ஒங்களுக்கெப்பிடித் தெரியுது?"

"சத்தம் கேக்குதில்ல."

மூன்றாவது தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடியது. அவள் தன் கைகளையும் சாம்பலால் தேய்த்துக் கழுவினாள். பழைய சோற்றைக் கரைத்து ஒரு கும்பா கொண்டுவந்து கொடுத்தபோது, அவன் வாங்கிக் குடித்தான்.

ஒன்றரை மணி பஸ் இரண்டேகாலுக்கு வந்தது.

*

ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் நுழைந்தபோது மூன்றேகால் ஆகிவிட்டது. செபாஸ்தியம்மாள் ஒரு வாளி வெந்நீரோடு கதவருகே நின்றிருந்தாள். யாரும் அவளைக் கொண்டுவரச் சொல்லவில்லை. மரியசெல்வம் தானே காலைக் கழுவினார். சோப்பு, பிறகு தண்ணீர், பிறகு ஸ்பிரிட் தோய்த்த பஞ்சு. தகட்டை வைத்தார். திருகைக் கீழிருந்து மெல்ல ஏற்றினார்.

பொத்தானை அழுத்தினார். பாதம் தொங்கியது.

முனையை ஓர் அங்குலம் நகர்த்தி அழுத்தினார். ஒன்றுமில்லை. பொன்னுத்துரை கண்களை இறுக மூடிக்கொண்டான். திருகு இன்னொரு கோடு ஏறியது. ஒன்றுமில்லை. அய்யம்மாளுக்குக் காளியாத்தாளைக் கூப்பிட வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? நின்ற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாக்கு இருந்த வரைக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. இப்போது அதையும் கழுவி ஊற்றியாகிவிட்டது.

மரியசெல்வம் முனையைக் காலின் முன்னெலும்பின் ஓரமாகக் கீழே கொண்டுவந்தார். இரண்டு விரல் அகலம். மூன்று. அழுத்தினார்.

பாதத்தின் மேல்தோலுக்கு அடியில், கட்டைவிரலை நோக்கி, ஓர் இழை விறைத்தது. பாவு நூலைச் சுற்றும்போது தொய்ந்து கிடந்த நூல் இழுபட்டு நிற்குமே, அதுபோல. மரியசெல்வம் பொத்தானை விட்டதும் அது தளர்ந்தது.

அவர் மறுபடி அழுத்தினார். இழை விறைத்தது. கட்டைவிரலின் நகம் ஒரு நெல்லின் கனம் மேலே போய் வந்தது.

"டாக்டரைக் கூப்பிடு" என்றார் மரியசெல்வம். செபாஸ்தியம்மாள் வாளியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

டாக்டர் கையில் பையோடு, கிளம்புகிற அவசரத்தில்தான் வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். அட்டையை வாங்கி அதிலிருந்த பதினோரு வரிகளையும் படித்தார்.

"இத்தனை நாளா ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கே. இன்னைக்கு மட்டும் எப்படி?"

அய்யம்மாள் தலைகுனிந்துகொண்டாள்.

"தோலைச் சரியாச் சுத்தம் பண்ணாம வச்சுட்டேன் டாக்டர்" என்றார் மரியசெல்வம். "என் மேலதான் தப்பு."

டாக்டர் அவரை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அட்டையில் எழுதினார். "சதை உயிரோட இருக்கு. அவ்வளவுதான் சொல்வேன். நரம்பு திரும்பி வருமா, எப்ப வரும், தறியில உக்காருவாரா, அதெல்லாம் என்னைக் கேக்காதீங்க. வருசம் ஆகலாம். வராமலும் போகலாம். வர்ற வரைக்கும் சதையைச் சாக விடாம வச்சுக்கலாம். இன்னும் இருபத்துநாலு தடவை போட்டிருக்கேன். வாரம் மூணு நாள்."

அவர் போன பிறகு மரியசெல்வம் திருகை இறக்கக் கை வைத்தார்.

"சார்" என்றான் பொன்னுத்துரை. "நான் பாக்கலை."

"என்னது?"

"கண்ணை மூடியிருந்தேன். நீங்க எல்லாரும் பாத்துட்டீங்க. நான் பாக்கலை."

மரியசெல்வம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவரிடம், "செத்த நேரம் பொறுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார். அய்யம்மாள் பொன்னுத்துரையின் தோளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்து, தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

பொத்தான் அழுந்தியது. நகம் ஒரு நெல்லளவு எழுந்தது. இறங்கியது.

பொன்னுத்துரை மூச்சு விடாமல் பார்த்தான். அது தன் கால் என்று நம்பாதவனைப்போல, கையை நீட்டிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"கரண்டு மட்டும் இழுத்தாப் பத்தாது" என்றார் மரியசெல்வம். "நான் அழுத்தும்போது நீங்களும் உள்ளேருந்து தூக்கணும். வராது. வராட்டியும் தூக்கணும். தெனமும், வீட்டுலயும்."

"எப்பத் தூக்கணும்னு எனக்குத் தெரியாதே சார். அங்க ஒண்ணும் ஒறைக்கலையே."

"நான் சொல்றேன் மச்சான்" என்றாள் அய்யம்மாள்.

அவள் மரியசெல்வத்தின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பொத்தானின் மேல் அழுந்தப்போன கணத்தில், புருசனின் காதருகே, "இப்ப" என்றாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான்.

"இப்ப."

"இப்ப."

எத்தனை தடவை என்று இம்முறை அவள் எண்ணவில்லை.